கிளென்கோவில் மூன்று இரவு: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஸ்காட்லாந்து மலைநாட்டிலுள்ள கிளென்கோ பள்ளத்தாக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். போன செப்டம்பர் கடைசியில் அவளோடு போய் மூன்று இரவு தங்கி வந்தேன். அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடலாம் என்று முடிவு.

மகன் லண்டனில் இருக்கிறான். எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் கிளென்கோவும் லாக் நெஸ் ஏரியும் காட்டிக் கூட்டிவரும் பஸ் இருக்கிறதாம். அது போதுமா? (கரூர் வாசகி)

போதாது அம்மா. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் கிளென்கோவுக்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். 'மூன்று சகோதரிகள்' என்று அங்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்று மலைமுகடுகள் உண்டு. எங்கள் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி மூடுபனிக்குள் கைநீட்டி, "அதோ மூத்தவள், அதோ இளையவள்" என்றார். நாற்பது பேரும் வரிசையாக நின்று மூடுபனியைப் படம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

இந்த முறை மூன்று இரவு தங்கியதில் வானம் திறந்திருந்தது மொத்தமாகக் கூட்டினால் ஆறு மணி நேரம் இருக்கும். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் எங்களுக்குக் கிடைத்தது. மழை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். லாக் நெஸ்ஸை விட்டுவிட்டாலும் குற்றமில்லை.

கிளென்கோவுக்கு ரயில் கிடையாது. கிளாஸ்கோவின் புக்கானன் பஸ் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் பஸ்ஸில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். இடது பக்க ஜன்னலா, வலது பக்க ஜன்னலா என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் லாக் லோமண்ட் ஏரி வலது கைப் பக்கம் வரும். பிறகு ரானக் மூர் என்று ஒரு பொட்டல். மரமே இல்லாமல் சதுப்பும் குட்டைகளுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். அது முடிகிற இடத்தில் இடது பக்கம் கூர்ங்கோபுரம் மாதிரி ஒரு மலை எழுந்து நிற்கும். பெயர் புவகில் எட்டிவ் மோர். கேலிக் மொழியில் 'எட்டிவின் பெரிய இடையன்' என்று பொருள். பக்கத்திலேயே சின்ன இடையனும் உண்டு. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதி வழிக்குமேல் எழுந்து நின்று எட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

"உண்ட வீட்டுக்கு இரண்டகம் நடந்த ஊர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். என்ன நடந்தது? (திருநெல்வேலி, மன்னார்குடி, பெங்களூரு வாசகர்கள்)

இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். சுருக்கினால் இரண்டு குலங்களின் பகைக் கதையாகிவிடுகிறது. அது அப்படி இல்லை.

1691. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மூன்றாம் வில்லியம் புது அரசர். நாட்டைவிட்டு ஓடிய பழைய அரசர் ஜேம்ஸின் பக்கம் மலைநாட்டுக் குலங்கள் பல நின்றன. 1692 ஜனவரி 1-க்குள் குலத்தலைவர்கள் எல்லாரும் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துவிட்டால் மன்னிப்பு, இல்லையென்றால் நெருப்பும் வாளும் என்று உத்தரவு வந்தது. கிளென்கோவில் இருந்தவர்கள் மெக்டொனால்ட் குலத்தின் ஒரு சிறு கிளை. அவர்களின் தலைவர் மக்கீயன் வயதானவர், நெடிய உருவம், கொஞ்சம் பிடிவாதமும் உண்டு. கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் வில்லியம் கோட்டைக்குப் போனார். அங்கிருந்த கர்னல் ஹில் நல்ல மனிதர்தான்; ஆனால் "பிரமாணம் வாங்க எனக்கு அதிகாரம் இல்லை, இன்வரேரிக்குப் போய் ஷெரிப்பைப் பாருங்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். தாலுகா ஆபீசில் "இந்த கவுன்டர் இல்லை, அந்த கவுன்டர்" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதா என்ன! வழியில் பனி. அரசுப் படைவீரர்கள் ஒருநாள் பிடித்து வைத்திருந்தார்கள். இன்வரேரிக்குப் போனால் ஷெரிப் புத்தாண்டுக்காக ஊருக்குப் போயிருக்கிறார். கிழவர் காத்துக் கிடந்து ஜனவரி 6 அன்று பிரமாணம் எடுத்தார். ஐந்து நாள் தாமதம். எடின்பரோவில் அந்தத் தாளைச் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். மக்கீயனுக்கு அது தெரியாது.

ஸ்காட்லாந்தின் அரசுச் செயலர் ஜான் டால்ரிம்பிளுக்கு ஒரு குலத்தையாவது அழித்துக் காட்ட வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். தாமதம் அவருக்கு வசதியாகப் போயிற்று. அரசர் கையெழுத்தும் வாங்கிவிட்டார். பிப்ரவரி தொடக்கத்தில் சுமார் 120 படைவீரர்கள் கிளென்கோவுக்கு வந்து, கோட்டையில் இடமில்லை, தங்க இடம் வேண்டும் என்றார்கள். தலைமை ராபர்ட் கேம்பெல் என்ற கேப்டன், அறுபதை ஒட்டிய வயது. அவருடைய உடன்பிறந்தார் மகள்தான் மக்கீயனின் இளைய மருமகள். ஆக, சம்பந்தி வீடு. வந்தவர்களை வீட்டுக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்து வைத்துச் சோறு போட்டார்கள். பன்னிரண்டு நாள். ஒரே கணப்பு, ஒரே கூரை.

பிப்ரவரி 12 அன்று கேப்டன் கைக்கு எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. எழுபது வயதுக்குட்பட்ட அனைவரையும் வெட்ட வேண்டும். காலை ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டும். அன்று மாலை அவர் மக்கீயனின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சீட்டாடினார். மறுநாள் விருந்துக்கு வருவதாகவும் ஒத்துக்கொண்டார். விடியற்காலையில் கிழவர் வந்தவர்களை உபசரிக்கலாம் என்று படுக்கையை விட்டு எழுந்து உடுத்திக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சுட்டார்கள். சுமார் 38 பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். தப்பி மலையேறிய பெண்களும் குழந்தைகளும் பனியில் விறைத்துச் செத்தது தனிக் கணக்கு. கணவாயை அடைக்க வேண்டிய மற்றொரு படை பனிப்புயலால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

படைவீரர்களில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது. ஒருவர் தான் தங்கியிருந்த வீட்டாரிடம் நேராகச் சொல்ல முடியாமல், ஒரு பாறையைப் பார்த்து, "கல்லே, இன்றிரவு நடக்கப்போவது தெரிந்தால் நீகூட இங்கே இருக்க மாட்டாய்" என்று பேசினாராம். வீட்டுக்காரர் புரிந்துகொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டாராம். ஊரில் இன்னும் சொல்லும் கதை இது. நான் நம்புகிறேன்.

1695-இல் விசாரணை நடந்து, நடந்தது கொலைதான் என்று முடிவானது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'நம்பிக்கைக்குள் கொலை' என்று தனிப் பிரிவே இருந்தது. நம்பி வீட்டுக்குள் விட்டவரைக் கொன்றால் அது சாதாரணக் கொலையைவிடக் கொடியது. டால்ரிம்பிள் பதவியை விட்டார். யாருக்கும் தண்டனை இல்லை. 1703-இல் அவருக்குப் பிரபுப் பட்டம் உயர்த்திக் கொடுத்தார்கள்.

கிளென்கோ என்றாலே 'அழுகைப் பள்ளத்தாக்கு' என்றுதான் பொருள் என்று படித்தேனே? (சேலம் வாசகர்)

நானும் படித்தேன், சுற்றுலாத் தாள்களில். கோ என்பது அங்கே ஓடும் ஆறு. படுகொலைக்கு முன்பே அந்தப் பெயர்தான். அழுகையைப் பிற்பாடு ஒட்டவைத்தார்கள்.

கேம்பெல் என்ற பெயருள்ளவர்களை இன்னமும் அங்கே சேர்ப்பதில்லையாமே? (புதுச்சேரி வாசகர்)

ஒரு பழைய விடுதியில் 'கூவி விற்பவர்களுக்கும் கேம்பெல்களுக்கும் அனுமதி இல்லை' என்று தகடு வைத்திருக்கிறார்கள். கேம்பெல்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நீங்கள் தமிழாசிரியர். அங்கே போயும் சங்க இலக்கியம் ஞாபகம் வந்திருக்குமே? (தஞ்சாவூர் வாசகி. என் பழைய மாணவியோ என்று சந்தேகம்)

வராமல் இருக்குமா? வெட்சித் திணை. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது, உரியவர்கள் கரந்தைப் பூச்சூடி மீட்க வருவது. மலைநாட்டுக் குலங்களின் தொழிலே அதுதான். மூன்று சகோதரிகளில் இரண்டு பேருக்கு நடுவே செங்குத்தாக ஒரு வழி ஏறுகிறது. அதன் உச்சியில் 'தொலைந்த பள்ளத்தாக்கு' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. மெக்டொனால்ட்கள் கவர்ந்து வந்த மாடுகளை அங்கேதான் மறைத்து வைப்பார்களாம். 1689-இல் இந்தக் கேப்டன் கேம்பெலின் சொந்த நிலத்திலேயே புகுந்து கால்நடைகளை ஓட்டிவந்துவிட்டார்கள். ஏற்கெனவே கடனில் இருந்த மனிதர், அத்தோடு முறிந்துபோனார். கையெழுத்து அரசருடையதுதான், ஆனால் அதை நிறைவேற்ற ஆளைப் பொறுக்கியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

தொலைந்த பள்ளத்தாக்குக்கு நானும் ஏறினேன். போய்வர மூன்று மணி நேரம் என்றார்கள், எனக்கு ஐந்து ஆயிற்று. கேன்வாஸ் ஷூவோடு போனது என் முட்டாள்தனம். பாறைகளெல்லாம் ஈரம். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு காலை வைத்தேன், வழுக்கி முழங்கால்வரை உள்ளே போயிற்று. தண்ணீர் குளிரவில்லை, கடித்தது. அதற்குமேல் கொஞ்ச தூரம் உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். மகள் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று அவள் படும் பாடு தெரிந்தது.

கடைசி மேட்டில் ஏறியதும் கண்ணை நம்ப முடியவில்லை. செங்குத்து மலைகளுக்கு நடுவில் பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஒரு சமதரை. என்றைக்கோ சரிந்த பாறைகள் வாயை அடைத்துக்கொள்ள, பின்னால் கூழாங்கல் நிரம்பி மட்டமாகிவிட்டது. மேலே இரைந்துகொண்டு வரும் ஓடை அந்தச் சரளைக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. சத்தமும் நின்றுவிடுகிறது. சாலையிலிருந்து பார்த்தால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. நூறு மாட்டை நிறுத்தினாலும் கீழே ஒருவனுக்கும் கேட்காது. ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

வழியில் அறிவிப்புப் பலகை, கைப்பிடிக் கம்பி எதுவும் இல்லையா? அரசு என்ன செய்கிறது? (ஈரோடு வாசகர்)

வேண்டுமென்றே வைக்கவில்லை ஐயா. 1930-களில் இந்த நிலம் விற்பனைக்கு வந்தபோது பெர்சி உன்னா என்ற மலையேறி ஒருவர் மற்ற மலையேறிகளிடம் பணம் திரட்டினார். ஸ்காட்லாந்துத் தேசிய அறக்கட்டளை அதை வாங்கியது. அவர் போட்ட நிபந்தனைகளின் சாரம்: மலையை யாருக்காகவும் எளிதாக்காதே. பாதைக்கல், வழிகாட்டிப் பலகை எதுவும் வேண்டாம். என் முட்டிக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பாறையிலும் காதலர் பெயர் எழுதிய மலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். உன்னா சொன்னதுதான் சரி என்று படுகிறது.

மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, மூட்டுவலி. கூட்டிப் போகலாமா? (கோவை வாசகி)

தாராளமாக. கிளென்கோ ஊருக்குப் பின்னாலேயே காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுற்றிவரச் சமதளப் பாதை, உட்கார பெஞ்சு. போகும் முன் மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

டொனால்ட் ஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கனடாவுக்குப் பிழைக்கப் போய்ப் பெரும் பணக்காரர் ஆனார். கனடாவைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதைக்கு 1885-இல் கடைசி ஆணியை அடித்தவர் அவர்தான். பிறகு ஸ்டிராத்கோனா பிரபு. 1890-களில் கிளென்கோவில் மாளிகை கட்டி மனைவி இசபெல்லாவை அழைத்துவந்தார். அந்த அம்மாளுக்குக் கனடாதான் ஊர்; இங்கே இருப்புக்கொள்ளவில்லை. அவருக்காக ஏரி வெட்டி, அதைச் சுற்றி வட அமெரிக்க மரங்களாகப் பார்த்து நட்டார் கணவர். அப்படியும் அந்த அம்மாளின் ஊர்நினைப்பு தீரவில்லை. இருவரும் அங்கே நிலைத்துத் தங்கவில்லை. மரங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மொட்டை மலைகளுக்கு நடுவே திடீரென்று கனடாக் காடு! ஒரு கிளையின் அடியில் நின்று மகளிடம் "உனக்கு ஊர் ஞாபகம் வருமா?" என்று கேட்டேன். "மழை நின்னுடுச்சு, வாங்கப்பா" என்று நடந்துவிட்டாள்.

என்ன மிருகங்களைப் பார்த்தீர்கள்? (முதுமலைப் பக்கத்து வாசகர்)

யானைக்குப் பக்கத்தில் வாழும் உங்களிடம் பெருமை அடிக்க முடியாது. ஆனாலும் செம்மான். செப்டம்பர் கடைசியிலிருந்து அவற்றுக்கு இணைசேரும் பருவம். இரவில் ஜன்னலைத் திறந்தால் மலையில் எங்கோ எருமை கனைப்பது போல, அதே நேரம் பழைய கதவைத் திறப்பது போல ஒரு குரல். எதிர்மலையிலிருந்து பதில் குரல். மூன்றாம் நாள் காலை சாலையோரத்திலேயே ஒரு கலைமான் நின்றது. சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் கறுப்பு, கொம்பில் பிய்த்தெடுத்த புல் தொங்கியது, வாயிலிருந்து ஆவி. ஒரு பயணி பிஸ்கட்டை நீட்டினார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மான் அதிகம் என்பது அங்கே மகிழ்ச்சியான செய்தி இல்லை. அவற்றைத் தின்ன ஓநாய் இல்லாமல் போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. முளைக்கிற மரக்கன்றையெல்லாம் மானும் ஆடும் மேய்ந்துவிடுகின்றன. நாம் "ஆஹா, என்ன வெட்டவெளி" என்று ரசிக்கிற மொட்டை மலைகளில் பாதி அப்படி ஆனவைதான்.

பொன்னாங்கழுகு என்று மகள் கைகாட்டியது எனக்குப் புள்ளியாகத்தான் தெரிந்தது. குளிர்காலத்தில் போனால் உச்சிகளில் டார்மிகன் என்ற பறவை இறகெல்லாம் வெள்ளையாகிப் பனியோடு பனியாக நிற்குமாம். எனக்கு அந்தக் குளிர் ஆகாது.

பார்க்காமலே பழக்கமாகிற இரண்டு பிராணிகள் உண்டு. ஒன்று மிட்ஜ்: கடுகைவிடச் சிறிய கொசு. ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை, காற்றில்லாத சாயங்காலம், கூட்டமாக வரும். காற்று வீசினால் பறக்க முடியாது, அதனால் அங்கே காற்றைத் திட்டாதீர்கள். மற்றது உண்ணி. பெரணிக்குள் நடந்து வந்த அன்று இரவு என் கெண்டைக்காலில் எள் ஒட்டியிருக்கிறது என்று தட்டினேன், போகவில்லை. எள்ளுக்குக் கால் இருந்தது. மகள் இடுக்கியால் தலையோடு பிடித்து நேராக இழுத்து எடுத்தாள். லைம் என்ற நோயை அது பரப்பக்கூடும். பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். பேன்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். அழகு பார்க்க அங்கே யாரும் இல்லை.

சைவச் சாப்பாடு? (மயிலாப்பூர் வாசகி)

பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், நம் சாம்பாருக்கு உறைப்பில்லாத தம்பி. ஓட்ஸ் பிஸ்கட், உருளைக்கிழங்கு ரொட்டி. அவர்களுடைய தேசிய உணவான ஹாகிஸ் ஆட்டு ஈரல் சமாச்சாரம். அதிலும் பயறும் ஓட்ஸும் போட்ட சைவ வகை இருக்கிறது, மிளகு வாசனையோடு நன்றாகவே இருந்தது. ஊறுகாய் கொண்டு போங்கள்.

படுகொலையின் தடயம் ஏதாவது மிச்சமிருக்கிறதா? (காரைக்குடி வாசகர்)

ஊருக்குள் ஒரு சிலுவைத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 13 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். ஆனால் என்னை உலுக்கியது வேறு. 2023-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் மக்கீயனுக்குரியது என்று கருதப்படும் ஒரு வீட்டைத் தோண்டியபோது, கணப்பின் அடியில் ஒரு சின்னப் பானையில் 36 காசுகள் கிடைத்தன. எலிசபெத் காலத்துக் காசு, பிரெஞ்சுக் காசு, போப் நாட்டுக் காசுகூட. எல்லாம் 1680-களோ அதற்கு முன்போ அடித்தவை. யாரோ அவசரமாக ஒளித்து வைத்திருக்கலாம் என்கிறார்கள். எடுக்க யாரும் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இதற்கு வால்பாறை போதாதா? எதற்கு ஸ்காட்லாந்து? (பொள்ளாச்சி வாசகர்)

போதும். மகள் வால்பாறையில் வேலை பார்த்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன்.

நான் இலங்கை மலையகத்துக்காரன். எங்கள் பக்கம் டன்சினன், பால்மோரல், ஹோலிரூட் என்று தோட்டங்கள். இவையெல்லாம் அந்த ஊர்ப் பெயர்கள்தானா? கிளென் என்று தொடங்கும் பெயர்களும் உண்டு. (ஹட்டன் வாசகர்)

எல்லாம் அந்த நாட்டுப் பெயர்கள்தான். பால்மோரலும் ஹோலிரூட்டும் அங்கே அரண்மனைகள், டன்சினன் ஒரு குன்று. கிளென் என்றால் மலையிடுக்கில் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். தன் ஊரை விட்டு வந்த துரைமார்கள், காட்டை அழித்த இடத்துக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அங்கே இசபெல்லாவுக்கு மரம், இங்கே துரைக்குப் பெயர்ப்பலகை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த நம் ஆட்கள் அந்தப் பெயர்களைக் கட்டிக்கொண்டு அழவில்லை, தோட்டங்களுக்குத் தாங்களாகவே தமிழ்ப் பெயர் வைத்து அழைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் தோட்டத்துக்கு உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்வார்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் கேள்வி என்னுடையது.